“எனக்கு ஒண்ணுமில்ல” என்ற நோயாளி: நீலகிரியிலிருந்து ஒரு பக்கவாத நிகழ்வு ஆய்வு

பக்கவாதம் என்றால் ஆள் பேச்சு மூச்சில்லாமல் விழுந்து கிடப்பார் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நன்றாகப் பேசுகிற, “எனக்கு ஒண்ணுமில்ல, போய் வேலையைப் பாருங்கடி” என்று அதட்டுகிற ஒருவருக்கு மூளையின் வலது பாதியில் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக் கிடக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கே ஒரு மணி நேரம் வண்டியில் போகவேண்டிய மலையில் இந்த நினைப்பு பலரின் கையையும் காலையும் பறித்திருக்கிறது, அதனால்தான் இந்த நிகழ்வை முழுசாக எழுதுகிறேன். குடும்பத்தாரின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன்.

நடந்தது

ஐம்பதைத் தாண்டிய அம்மா. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் குடியிருக்கிறார், சின்ன வயதிலிருந்தே கொழுந்து பறிக்கிறவர். சர்க்கரை நோய் கிடையாது. பி.பி. மாத்திரை வீடு தேடி வந்துவிடுகிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஏத்தத்தில் நடந்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று கொஞ்ச காலமாகவே சொல்லிக்கொண்டிருந்தாராம். மலையில் ஏத்தம் ஏறினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உறைபனி விழுகிற டிசம்பர் மாதம். காலை எட்டு மணிக்கு நிரை, அதாவது ஆளுக்கொரு செடி வரிசை, பிரித்துக் கொடுத்தபோது, பேரன் பள்ளிக்கூடம் போக அடம்பிடித்த கதையைப் பக்கத்து நிரைப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்த எட்டு மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான். எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால், அக்கா பின்தங்கிவிட்டாரே என்று அந்தப் பெண் திரும்பிப் பார்த்திருக்கிறார். கொழுந்து வெட்டும் கத்தரிக்கு இரண்டு கையும் வேண்டும். அந்த அம்மா அதை வலது கையில் மட்டும் பிடித்து, செடிமேல் தட்டித் தட்டி, வெட்டுவதாகவே நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். இடது கை துவண்டு தொங்குகிறது. அவருக்கு வலப்பக்கம் இருந்த செடியில் மட்டும் நாலு இடத்தில் கத்தரி பட்டிருந்தது, இடப்பக்கச் செடியைத் தொடவே இல்லை.

“அக்கா, கைக்கு என்னாச்சு?”

“குளிர்ல விறைச்சிருச்சு. நீ உன் நிரையைப் பாரு.”

வாய் வலப்பக்கம் இழுத்திருந்தது, சொல் லேசாகக் குழறியது, ஆனால் பேசியது எல்லாம் அர்த்தத்தோடுதான் இருந்தது. அதனால் பயம் வரவில்லை. உட்கார வைத்து, கை தேய்த்துவிட்டு, சூடாகப் பால் சேர்க்காத வரட்டீ கொடுத்திருக்கிறார்கள். இடது கடைவாயில் டீ வழிந்து, புரையேறி, இருமியிருக்கிறார். எழுந்து நிற்கப் போய் இடப்பக்கம் சாய்ந்து செடிமேல் விழுந்த பிறகுதான் மேஸ்திரிக்குத் தகவல் போயிற்று. அந்தச் சரிவில் போன் டவர் எடுக்காது, ஒரு பையன் மேலே ஓடிப்போய்ச் சொல்லி, ஜீப் வரும்போது மணி ஒன்பது. அப்புறம் வழியில் ஒரு சின்ன கிளினிக். அங்கே பி.பி. பார்த்தார்கள், டிரிப் போடலாமா என்று பேசினார்கள், இருபது நிமிடம் போயிற்று. சி.டி. ஸ்கேன் அங்கே கிடையாது.

எங்களிடம் வந்தது

பத்து மணி பத்து நிமிடம். வாசலில் இறங்கும்போதே பார்த்தேன், இரண்டு கண்ணும் வலப்பக்கம் திரும்பி நின்றன. இடப்பக்கத்திலிருந்து மகன் “அம்மா” என்று கூப்பிட்டால், வலப்பக்கம் நின்ற நர்ஸைப் பார்த்துப் பதில் சொல்கிறார். இடது கையில் அசைவே இல்லை, இடது காலைக் கட்டிலிலிருந்து கொஞ்சம்தான் தூக்க முடிந்தது. பி.பி. 172/98. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 118. சர்க்கரை தாழ்ந்தாலும் ஒரு பக்கம் இப்படியே விழும் என்பதால் அதைப் பார்க்காமல் எதுவும் தொடங்கக்கூடாது.

நாடியைப் பிடித்ததும் பாதிக் கதை தெரிந்துவிட்டது. துளிகூட ஒழுங்கில்லாத துடிப்பு, இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, அடுத்தது விரலுக்கே எட்டாமல். ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிற கோளாறு.

நர்ஸ் ஊசி குத்த இடது கையை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தார். அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “பாப்பா, யாரோ கையை என்மேல போட்டிருக்காங்க, எடுக்கச் சொல்லு” என்றார். “அம்மா, இது உங்க கைதான்.” “என் கை இங்க இருக்கு” என்று வலது கையைக் காட்டினார். மகன் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார், அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே அவர் நினைத்தார்.

புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்மில் பெரும்பாலானோருக்கு மொழி இடது மூளையில் இருக்கிறது. அதனால் இடது மூளை அடிபட்டால் வலது கை கால் விழுவதோடு பேச்சும் போகும், வீடே அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும். வலது மூளையின் மேற்பகுதிகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, நம் உடம்பின் இடப்பாதியையும் இடப்பக்க உலகத்தையும் நம் கவனத்தில் நிறுத்துவது. அது நின்றுபோனால் இடப்பக்கம் என்ற ஒன்றே நோயாளிக்கு இல்லாமல் போகிறது. இல்லாத கை விழுந்துவிட்டது என்று அவர் எப்படிச் சொல்வார்? “ஒண்ணுமில்ல” என்று அந்த அம்மா தோட்டத்தில் சொன்னது வீம்பாலோ சம்பளம் போய்விடும் என்ற பயத்தாலோ வந்த பேச்சு என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அது நோயின் அறிகுறி. பக்கவாதத்தின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோலில்கூட மொத்தம் 42 மதிப்பெண்ணில் மொழியைச் சார்ந்தவை 7, இப்படி ஒரு பக்கமே கவனத்தில் இல்லாமல் போகும் புறக்கணிப்புக்கு இருப்பது 2 தான். வலது மூளை நோயாளிகள் கணக்கிலேயே லேசானவர்களாகத் தெரிந்துவிடுகிறார்கள். இந்த அம்மாவுக்கு அப்படியிருந்தும் 14 வந்தது.

சி.டி. பத்து இருபத்தைந்துக்கு முடிந்தது. ரத்தக்கசிவு இல்லை. மூளைத் திசு ஏறக்குறைய இயல்பாகவே தெரிந்தது, வலது நடு மூளைத் தமனி என்ற பெரிய ரத்தக்குழாய் மட்டும் வெள்ளைக் கோடாகத் துலங்கியது, உள்ளே ரத்தக்கட்டி நிற்கிறது என்று பொருள். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் சில மணி நேரத்தில் அடைப்பு வகைப் பக்கவாதத்தில் சி.டி. பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். “ஸ்கேன் நார்மல், ஒன்றும் இல்லை” என்று யாராவது சொல்லி வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள் என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த நேரத்தில் சி.டி. எடுப்பதே கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். கசிந்த ரத்தம் உடனே வெள்ளையாகத் தெரிந்துவிடும், ரத்தம் போகாத திசு கறுக்க நேரம் எடுக்கும்.

எந்த வகை என்பது ஏன் இவ்வளவு முக்கியம்

வெளியிலிருந்து பார்த்தால் அடைப்பும் கசிவும் ஒன்றுதான். வாய் கோணும், கை விழும், குழறும். வைத்தியமோ ஒன்றுக்கொன்று நேரெதிர்: அடைப்புக்குக் கட்டியைக் கரைக்கிறோம், கசிவில் அதே மருந்தைக் கொடுத்தால் ஆள் போய்விடுவார். தலைவலி, வாந்தி, வரவர மயக்கம், பி.பி. 220 என்றால் கசிவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தை நம்பி எந்த மருந்தும் கொடுக்க முடியாது. எத்தனை வருட அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவரும் ஸ்கேன் பார்க்காமல் சொல்லமாட்டார்.

இதே குளிர்காலத்தில் கேத்தி பள்ளத்தாக்குப் பக்கம் விடியுமுன் கேரட் பிடுங்கப் போன ஒருவர் வந்தார். நாற்பதுகளில் வயது, பி.பி. மாத்திரையைத் தானாகவே நிறுத்தியிருந்தார். அவருக்கும் இடப்பக்கம்தான் விழுந்திருந்தது, கூடவே தலைவலியும் வாந்தியும். நெஞ்சுவலிக்குக் கொடுக்கிற மாத்திரை வீட்டில் இருக்கிறது, அதைக் கொடுத்துக் கூட்டிவருகிறோம் என்று போனில் கேட்டார்கள். எதுவும் கொடுக்காமல் கொண்டுவரச் சொன்னோம். சி.டி.யில் மூளையின் ஆழத்தில் ரத்தம் கட்டியிருந்தது. 2023-இல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு, மாரடைப்பு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் முதலான மாத்திரைகளை உடனே கொடுக்கிறார்கள், அது பல உயிர்களைக் காக்கிற நல்ல திட்டம். ஆனால் நெஞ்சுக்குச் சரியாக இருப்பது மூளைக்குச் சரியாக வராது. கை கால் விழுந்தவருக்கு ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் கூடாது. நாக்குக்கு அடியில் வைக்கும் பி.பி. மாத்திரையும் கூடாது, அடைப்பாக இருந்தால் ஏற்கெனவே பசித்துக்கிடக்கும் மூளைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் அதனால் குறையும்.

அடைப்புதான் எண்ணிக்கையில் அதிகம். கசிவின் பங்கு மேலைநாடுகளைவிட நம் நாட்டில் கூடுதல், பி.பி.யை நாம் கவனிக்காமல் விடுவது அதற்கு ஒரு பெரிய காரணம். மூளையின் ஆழத்துக்குப் போகும் மெல்லிய கிளைக்குழாய்களைப் பி.பி. வருடக்கணக்கில் அரித்துவைக்கிறது. அதில் ஒன்று அடைத்தால் சின்ன அடைப்பு, அப்போது முகம், கை, கால் ஒரே அளவு விழும், ஆனால் பேச்சறிவும் கவனமும் கெடாது. அதே குழாய் வெடித்தால் கேரட் தோட்டத்துக்காரருக்கு நடந்தது. கழுத்திலிருந்து போகும் பெரிய குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பது இன்னொரு வகை, புகைபிடிப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல். இந்த அம்மாவுக்கு வந்தது மூன்றாவது: அடைப்பு மூளையில், கட்டி பிறந்தது இதயத்தில். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது, தேங்கிய குட்டையில் பாசி படிவதுபோல ரத்தம் அங்கே உறைகிறது, ஒருநாள் அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. அதனால்தான் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சிரித்துப் பேசிய அரை மணிக்குள் முழுப்பக்கமும் விழுந்தது.

வாய் கோணாமல் வருகிற பக்கவாதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், மலை ரோட்டில் அது அடிக்கடி தப்பிவிடுகிறது. மூளையின் பின்பகுதிக்கும் சிறுமூளைக்கும் போகும் குழாய் அடைத்தால் திடீர்த் தலைசுற்றல், வாந்தி, ரெட்டையாகத் தெரிதல், நடந்தால் தள்ளாட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுகளில் ஏறிவரும் பஸ்ஸில் ஒருவர் வாந்தி எடுத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? பஸ் குமட்டல் இறங்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தெளியும். இறங்கிய பிறகும் பிடிக்காமல் நிற்க முடியவில்லை, ஒரு பக்கமாகவே சாய்கிறார் என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். வாழ்நாளில் இல்லாத தலைவலி நொடியில் இடிபோல விழுந்து கழுத்து விறைத்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம். பிரசவமான சில நாட்களில் தொடங்கி நாளுக்கு நாள் கூடும் தலைவலி, கூடவே வலிப்பு என்றால் மூளையின் சிரைக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அது தனி ரகம், உள்ளே கொஞ்சம் கசிவு தெரிந்தாலும் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத்தான் கொடுக்கிறோம்.

பத்து நிமிடம் குழறிவிட்டுச் சரியாகிப் போவதையும் விட்டுவிடக்கூடாது. கட்டி வந்து, தானாகக் கரைந்து போயிருக்கிறது. அதற்கடுத்த இரண்டு நாள்தான் முழுப் பக்கவாதத்துக்கு ஆபத்து மிக அதிகம்.

“பனிக்காத்து அடிச்சு வாய் கோணிருச்சு” என்று இங்கே அடிக்கடி சொல்வார்கள். முக நரம்பு வீங்கி வரும் கோணலும் உண்டு, அதில் அந்தப் பக்க நெற்றியைச் சுருக்க முடியாது, கண் முழுசாக மூடாது, கை கால் சரியாக இருக்கும். மூளையால் வரும் கோணலில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். இதை வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. பனியை நம்பி வெந்நீர் ஒத்தடத்தோடு நிறுத்திவிட வேண்டாம் என்கிறேன்.

சிகிச்சை

எட்டு மணிக்கு நன்றாக இருந்தார் என்று பக்கத்து நிரைப் பெண் உறுதியாகச் சொன்னார். மகன் சொன்ன நேரம் ஒன்பது, ஏனென்றால் அவருக்குச் செய்தி வந்தது அப்போதுதான். கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் என்பது கடைசியாக நன்றாகப் பார்க்கப்பட்ட நேரத்திலிருந்து ஓடும் கடிகாரம். அந்தப் பெண் தன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஜீப்பில் கூடவே ஏறி வந்ததால்தான் எங்களுக்கு அந்த நேரம் கிடைத்தது. அவரை மறக்கவே முடியாது.

மகனிடம் மறைக்காமல் சொன்னோம்: இந்த ஊசியால் மூளைக்குள் ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு, 1995-இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேருக்கு அப்படி ஆனது, ஆனால் அதே ஆய்வில் மூன்று மாதத்துக்குப் பிறகு ஊனம் இல்லாமல் தேறியவர்கள் ஊசி போட்டவர்களில்தான் அதிகம். அவர் தன் மனைவியைப் பார்த்தார், “போடுங்க” என்றார் மருமகள். பி.பி. 185/110-க்குக் கீழே இருந்தது, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதுவும் அந்த அம்மா சாப்பிடவில்லை. பத்து நாற்பத்திரண்டுக்குக் கொடுத்தோம்.

கொடுத்தது டெனெக்டெப்ளேஸ். பழைய அல்டெப்ளேஸ் என்றால் பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் பம்ப் வைத்து ஏற்றவேண்டும். ஆம்புலன்ஸில், குன்னூரிலிருந்து பர்லியாறு, கல்லாறு வரை வளைவுக்கு வளைவு அந்தப் பம்ப்பைக் காத்துக்கொண்டு போவது எவ்வளவு பாடு என்று மலை இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். டெனெக்டெப்ளேஸ் ஒரே தள்ளில் முடிந்துவிடும், உடனே வண்டி கிளம்பலாம். மலை மாவட்டத்துக்கு இந்த ஒரு வித்தியாசமே பெரிய வரம் என்பது என் எண்ணம்.

இவ்வளவு பெரிய குழாயில் நிற்கும் கட்டி ஊசிக்கு மட்டும் கரைவது குறைவு. தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் த்ராம்பெக்டமி வேண்டும், அதற்குக் கோயம்புத்தூர்தான். ஸ்கேன் படம் போனிலேயே அங்கே போய்விட்டது. பதினொன்று ஐந்துக்கு வண்டி கிளம்பியது. அன்றைக்கு மழை இல்லை, மண்சரிவு இல்லை, சீசன் கூட்டம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துக்கொண்டால் கோத்தகிரி சுற்றித்தான் இறங்கவேண்டும். ஒரு மணிக்கு அங்கே சேர்ந்தார், இதைச் செய்யும் அறையான கேத்லாப்பில் வேலை தொடங்கியது ஒன்று முப்பத்தைந்துக்கு, அதாவது எட்டு மணியிலிருந்து ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. பொதுவாக ஆறு மணி நேரம் வரை செய்கிறார்கள். 2018-இல் வெளியான இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, மூளையில் இன்னும் காப்பாற்றத்தக்க பகுதி மிச்சமிருப்பது படத்தில் தெரிந்தால் 24 மணி நேரம் வரையும் சிலருக்குச் செய்கிறார்கள். அதற்காக மெதுவாக வரலாம் என்று அர்த்தம் இல்லை. பெரிய குழாய் அடைத்தால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிளினிக்கில் போன இருபது நிமிடத்தை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டி வந்துவிட்டது, குழாய் திறந்தது. அன்று மாலையே இடது கால் எழுந்தது.

அதற்குப் பிறகு

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் கதவுபோல இருக்கும் மிட்ரல் வால்வு சுருங்கியிருந்தது, மேலறை வீங்கியிருந்தது. சின்ன வயதில் முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் படுத்திருந்ததை அப்போதுதான் அவருடைய அண்ணன் சொன்னார். தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டு, முப்பது நாற்பது வருடம் கழித்து மூளையில் வந்து நிற்கிறது. ஏத்தத்தில் வாங்கிய மூச்சும் படபடப்பும் இதுதான். பி.பி. பார்க்க வருபவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அரை நிமிடம் நாடி பார்த்திருந்தாலே இது முன்பே பிடிபட்டிருக்கும், செலவே இல்லாத சோதனை.

இப்படி வால்வு சுருங்கியவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கப் புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரினே நல்லது என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. மறுபடி சி.டி. எடுத்துக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, சில நாள் கழித்துத்தான் தொடங்கினோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேண்டும். கீரையும் கோஸும் இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதற்காக அவற்றை அடியோடு நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லாமல் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால்தான் அளவு குழம்பும் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறோம்.

கை கால் தேறிய வேகத்துக்குக் கவனம் தேறவில்லை. வீட்டுக்குப் போன புதிதில் தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும், வலப்பாதி மட்டும் வழித்துவைத்ததுபோலக் காலியாக இருக்கும். குழம்பு பிடிக்கவில்லை என்று நினைத்து மருமகள் வேறு வேறாகச் செய்து பார்த்திருக்கிறார். தட்டைத் திருப்பி வையுங்கள் என்றோம், மீதியையும் சாப்பிட்டுவிட்டார். கட்டிலை மாற்றிப் போட்டு, ஆட்கள் வருவதும் பேசுவதும் இடப்பக்கமாக அமையும்படி செய்தார்கள். இடது மணிக்கட்டில் சிவப்பு வளையல் போட்டு, அடிக்கடி தேடிப் பார்க்கச் சொன்னோம். முதல் நாள் புரையேறிய டீயை மனதில் வைத்து, விழுங்கும் சோதனை முடியும்வரை வாய்க்கு எதுவும் கொடுக்கவில்லை, நுரையீரலில் சளி கட்டாமல் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று மாதத்தில் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். இடது கையால் டம்ளர் பிடிக்கிறார், கத்தரி பிடிக்க வரவில்லை. நிலைப்படியில் இடது தோள் இன்னும் சில நேரம் இடித்துக்கொள்கிறது. தோட்டத்தில் அவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மேஸ்திரிமார்களிடம் நாங்கள் போய்ப் பேசினோம், யாருக்காவது திடீரென்று ஒரு பக்கம் விழுந்தால் நோயாளி என்ன சொன்னாலும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுவது, டவர் இல்லாத சரிவில் ஜீப் கிளம்பினால் நேராக ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவது, கடைசியாக நன்றாகப் பார்த்தவரைக் கூடவே ஏற்றிக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. வால்வை பலூன் வைத்து விரிக்கலாமா என்று அடுத்து பார்க்கவேண்டும். அதற்கு முன் மேலறையில் கட்டி மிச்சமில்லை என்று உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து உறுதி செய்யவேண்டும், கோயம்புத்தூரில் தேதி வாங்கியாயிற்று.